புள்ளி வைக்காத கையெழுத்து

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய் முடியும். பஸ் கொடைக்கானலை விட்டுக் கிளம்பி இன்னும் பெருமாள்மலைகூட வரவில்லை. அதற்குள் குருவம்மாள் தன் தம்பிக்குச் சொல்லவேண்டிய பதிலை மூன்று விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள். மூன்றும் வாய்க்கு வரும் முன்பே கோணிக்கொண்டு நின்றன. சீனிப்பாண்டி ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பான். பையை வாங்கிக்கொள்வான். வாங்க மச்சான் என்று அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். அவர் தண்ணீர் பாட்டில் வாங்க அந்தப் பக்கம் நகர்ந்ததும் இந்தப் பக்கம் குனிந்து, "யக்கா, எத்தனை எடத்துல கையெழுத்து வாங்குனாரு?" என்பான். மலையில் இருந்த மூன்று நாளும் போனில் இதே கேள்விதான். சிக்னல் இல்லப்பா, காதுல விழல, என்று வைத்துவிட்டாள். நேரில் வந்து நிற்பவனிடம் காது கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா? நாலு என்றால் பொய். அஞ்சு என்றால் அவன் அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடித்தாலும் பிடிப்பான். ஞாபகம் இல்லை என்றால், நாற்பத்தாறு வயசில் கல்யாணம் பண்ணிக்கொண்ட கிறுக்கு என்று அவன் பெண்டாட்டி தெருவெல்லாம் சொல்வாள். நடந்ததை நடந்தபடி சொல்லலாம் என்றால், எது நடந்தது? அவளுக்குத் தெரிந்தது பாதி. மீதி, பக்கத்து சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கும் இந்த மனிதரின் மடியில், பட்டன் வைத்த நீல பிளாஸ்டிக் ஃபைலுக்குள் இருந்தது. தூக்கத்திலும் ஒரு கை அதன் மேலே இருந்தது. முன் சீட்டில் யாரோ எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

புருஷன். அந்தச் சொல் இன்னும் வாயில் பழகவில்லை. என்னங்க என்று கூப்பிடும்போது கடையில் சில்லறை கேட்பது போல இருந்தது. வெயிலுமுத்து, வயசு ஐம்பத்திரண்டு, பெண்டாட்டி செத்து ஒன்பது வருஷம், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த ஒரு மகள், பத்திர ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை. தம்பி இந்தக் கடைசி விவரத்தைத்தான் பிடித்துக்கொண்டான். "ஊருல எத்தனை கடை இருக்கு, பலசரக்குக் கடைக்காரன் ஒருத்தன் கெடைக்கலயா? பத்திர ஆபீஸ் வாசல்ல ஒக்காந்திருக்கறவனா வந்து வாய்க்கணும்?" என்றான். ஜெராக்ஸ் மெஷினுக்குத் தூசி உறை தைக்கவேண்டும் என்று வெயிலுமுத்து அவள் வீட்டுக்கு வந்ததுதான் தொடக்கம். அவள் சேலைக்கு ஓரம் அடிப்பவள், ஃபால்ஸ் தைப்பவள். மெஷினுக்கு உறை தைத்ததே இல்லை. மூன்று தடவை அளவு மாறியது. மூன்று தடவையும் அவரே வந்தார். சன்னலோரத்தில் நின்று, வெளிச்சம் நல்லா வருதும்மா, வீடு யார் கட்டினது, என்று கேட்டார். அப்பா கட்டினது என்றாள். சும்மா கேட்டதா? "மெஷினுக்கு அளவெடுத்தானா, வீட்டுக்கு அளவெடுத்தானா?" என்று தம்பி சிரித்தபோது அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், ஆனால் அந்த வார்த்தை துணிக்குள் மாட்டிக்கொண்ட ஊசி முனைபோல உள்ளேயே தங்கிவிட்டது. தம்பி மட்டும் என்ன யோக்கியம்? ரெண்டு அறை வீடு, அம்மா கண்ணை மூடும் முன் குருவம்மாள் பேருக்கு எழுதி வைத்தது; அக்காவுக்கு யார் இருக்கிறார்கள், கடைசியில் நம் பிள்ளைகளுக்குத்தானே என்று இருந்தவன். அது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் அவன் சொன்னதுதான் காதில் நின்றது. சந்தேகப்படுகிறவனையும் சந்தேகப்படவேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தால் நம்புவதற்கு மிச்சம் யார்? எல்லாரும் நல்லவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் படுக்க முடியுமா?

ஊத்து ஸ்டாப் தாண்டியதும் காலில் மெட்டி மறுபடியும் கடித்தது. இடது கால் மெட்டி. புதன்கிழமை காலையில் கோயிலில் அவர் குனிந்து போட்டுவிட்டபோதே விரலில் ஏற மறுத்தது. அவர் நெற்றியில் வேர்வை, தாலி கட்டும்போதுகூட இல்லாத வேர்வை. "சின்னதா போச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டே திருகித் திருகி ஏற்றினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். இது யாருடைய அளவு என்றுதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. செத்துப்போனவள் ஒடிசலாக இருப்பாள் என்று கேள்வி. ஒன்பது வருஷமாக டப்பாவில் கிடந்த மெட்டியோ? புதுசு போலத்தான் மின்னியது. புளி போட்டுத் தேய்த்தால் எந்த வெள்ளிதான் மின்னாது? அப்புறம் ஓட்டலில் இட்லி சாப்பிடும்போது அவர் தானாகவே சொன்னார்: "கடைக்காரன் அளவு கேட்டான்ம்மா. உன் வீட்டு வாசல்ல கெடந்த செருப்ப மனசுல வச்சுச் சொன்னேன். தப்பாயிருச்சு." கேட்காத கேள்விக்கு ஏன் பதில்? அவள் சாம்பாரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். தம்பி இட்லியோடு எழுந்துவிட்டான். டூட்டி இருக்கு என்றான். கோபம். அவன் கூட வந்திருந்தால் அதற்கப்புறம் போன இடத்தில் எத்தனை காகிதம், எத்தனை கையெழுத்து என்று அவனே எண்ணியிருப்பான். இன்றைக்கு அவள் இப்படி மலைப்பாதையில் உட்கார்ந்து சொல்லைத் தேடவேண்டியிருக்காது. போனவன் போய்விட்டான். அவள், அவர், அவர் மகள், சாட்சிக்கு அவருடைய ரெண்டு சிநேகிதர்கள். ஆட்டோ நின்ற இடத்தில் இறங்கித் தலையைத் தூக்கினால், பத்திர ஆபீஸ்.

இங்கே எதுக்கு, என்று கேட்டுவிட்டாள். வாய் தானாகக் கேட்டது. மகள் சிரித்தாள். "சித்தி, கல்யாணத்தையும் இங்கதான் பதிவு பண்ணுவாங்க. தெரியாதா?" தெரியாது. ஆறாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு நின்றவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்தது இதுதான்: அஞ்சு வருஷத்துக்கு முன்னால் இதே பெஞ்சில், இதே மின்விசிறிக்குக் கீழே, அம்மாவைத் தூக்கிக்கொண்டுவந்து உட்கார வைத்து வீட்டை அவள் பேருக்கு எழுதினார்கள். அன்றும் படம் ஒட்டினார்கள். இன்றும் படம். அன்றும் சாட்சி, இன்றும் சாட்சி. அன்றும் கையெழுத்துப் போட்ட கையோடு அம்மாவிடம் இருந்த ஒன்று அம்மாவிடம் இல்லாமல் போனது. சுவரெல்லாம் கிரயம், செட்டில்மென்ட், வில்லங்கம் என்று எழுதியிருந்தது; கல்யாணம் என்ற வார்த்தையை எழுத்துக் கூட்டித் தேடிப் பார்த்தாள், அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தென்படவில்லை. உள்ளே போகிற ஆளெல்லாம் அவரைப் பார்த்து அண்ணாச்சி, அண்ணாச்சி என்றார்கள். குமாஸ்தாகூட எழுந்து, "என்ன அண்ணாச்சி, மாலையும் கழுத்துமா! இத்தனை நாள் அடுத்தவன் காகிதத்தையே நகல் எடுத்தீக, இன்னைக்கு சொந்தக் காகிதமா?" என்று கேலி பண்ணினார். எல்லாரும் சிரித்தார்கள். சொந்தக் காகிதம். அவளுக்கு மாலையிலிருந்த சம்பங்கி கழுத்தில் ஈரமாக ஊறியது. அப்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "நாலு எடத்துல கையெழுத்துப் போடணும்மா. பத்திரமாப் போடு." பார்த்துப் போடு என்கிறாரா, பத்திரம் என்கிறாரா? ஒரே சொல். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை இவர் ஏன் எடுக்கவேண்டும்? ஊரில் வேறு சொல்லே இல்லையா?

அதன் பிறகு அவள் செய்ததைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. தம்பியிடம் சொல்ல முடியாது, பக்கத்தில் தூங்குகிறவரிடம் சொல்லவே முடியாது. மூன்றாம் வகுப்பில் லூர்து டீச்சர் என்று ஒருத்தி. குருவம்மாள் தன் பெயரைச் சிலேட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால் ஸ்கேலால் முட்டியில் ஒன்று வைப்பாள். "மேல புள்ளி எங்கடி? ம்-முக்கு ஒண்ணு, ள்-ளுக்கு ஒண்ணு. புள்ளி வைக்காட்டா அது நீ இல்ல, வேற எவளோ. குருவமமாள! யாருடி அவ, உங்க சித்தியா?" வகுப்பே சிரிக்கும். அடி வலித்ததோ இல்லையோ, அந்தப் பெயர் பயமாக இருந்தது. குருவமமாள. தன்னைப்போலவே இருந்து தான் இல்லாத ஒருத்தி, சிலேட்டுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல. முப்பத்தெட்டு வருஷம் கழித்து, பத்திர ஆபீஸ் பெஞ்சில், பேனா கைக்கு வந்தபோது அந்த ஒருத்திதான் உதவிக்கு வந்தாள். நாலு இடம் என்றது எப்படியோ அஞ்சாகியிருந்தது. அந்த அஞ்சிலும் குருவம்மாள் பெயரை அழகாக எழுதினாள், குண்டு குண்டாக, நிதானமாக, புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டு. வீட்டுப் பத்திரத்தில் இருப்பவளுக்கு ரெண்டு புள்ளி உண்டு. இதில் இருப்பவளுக்கு இல்லை. நாளைக்கு யாராவது நீ எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று நீட்டினால், நல்லாப் பாருங்க, அது நான் இல்ல, என்று சொல்லிவிடலாம். அவ்வளவு பெரிய தைரியம் அவளுக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை. உள்ளங்கை நனைந்து பேனா வழுக்கியது. அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாரோ? "எழுத்து நல்லாருக்கே" என்றார். அவ்வளவுதான். நாள் பூராவும் காகிதத்தையே பார்க்கிற மனிதர், கோடு கலங்கியிருந்தால்கூட மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கிறவர், ரெண்டு புள்ளி இல்லாததைப் பார்க்காமலா இருந்திருப்பார்? பார்த்திருந்தால் ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் இருப்பவனைத்தானே பயப்படவேண்டும். இல்லை, நிஜமாகவே பார்க்கவில்லையென்றால்? அப்படியென்றால் கல்யாணம் நடந்தது யாருக்கு? இந்தக் கேள்வி வியாழக்கிழமை ராத்திரிதான் வந்தது, வந்ததிலிருந்து போகவில்லை. எழுதிக் கொடுத்தது அவள் இல்லையென்றால் கட்டிக்கொண்டதும் அவள் இல்லை. சிலேட்டுக்காரியைத்தான் இவர் கொடைக்கானலுக்குக் கூட்டி வந்திருக்கிறார்.

கொடைக்கானல் மகளின் ஏற்பாடு. அப்பா, சித்தியைக் கூட்டிட்டு மூணு நாள் போய்ட்டு வாங்க, ரூம் போட்டாச்சு, என்றாள். தேனிலவு என்ற வார்த்தையை அந்தப் பெண் சொன்னபோது ரெண்டு பேருமே வேறு பக்கம் பார்த்தார்கள். ஏரியில் கால் மிதிக்கும் படகில் உட்கார்ந்து நடுத் தண்ணீருக்குப் போனதும், "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். அவள் மிதிப்பதை நிறுத்தினாள். எதற்குக் கேட்கிறார்? தெரியும் என்று பொய் சொன்னாள். "அப்பாடா. எனக்குத் தெரியாது. கவிழ்ந்தா நீதான் இழுத்துட்டுப் போகணும்" என்று அவர் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் நிஜமாகவே வெளுத்திருந்தது. நடிப்பில் முகம் வெளுக்குமா? மறுநாள் பள்ளத்தாக்கு ஓரம். மஞ்சு மூட்டம், கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஒன்றுமே இல்லாத வெள்ளை. "இன்னும் ரெண்டு அடி பின்னால போ, போட்டோல வேலி தெரியணும்" என்றார். அவள் போகவில்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றுகிறது என்றாள். குதிரைக்காரன் ஒருத்தன், "என்ன சார், மேடம் தர்ணா பண்றாங்க?" என்று சிரித்துக்கொண்டே போனான். அவர் அவள் பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அப்படியே ஒரு படம் எடுத்தார். அதில் ரெண்டு பேரும் ரேஷன் கடை வாசலில் காத்திருப்பவர்கள்போல இருந்தார்கள். எங்கே போனாலும் அந்த நீல ஃபைல் கூடவே வந்தது. ரூமில் வைத்துவிட்டு வந்தால் என்ன என்று ஒரு தடவை கேட்டாள். "ரூம் சாவி அவன்கிட்டயும் ஒண்ணு இருக்கும்ல? பத்திரமா இருக்கணும்." மறுபடியும் அந்தச் சொல். இத்தனைக்கும் ஊர் திரும்பியதும் எந்த வீட்டில் இருக்கப்போகிறார்கள் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அவருக்குக் கடைக்கு மேலே ஒற்றை அறை வாடகை. அவளுக்கு அப்பா கட்டின வீடு. யார் முதலில் வாயைத் திறப்பது?

டம் டம் பாறை வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பியபோது அவர் தலை அவள் தோளில் வந்து விழுந்தது, கை ஃபைலிலிருந்து நழுவியது. அதே திருப்பத்தில் அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அஞ்சாவது கையெழுத்து! அய்யோ, அது அவளே பண்ணின தப்பு. முதல் காகிதத்தில் மாப்பிள்ளை போடவேண்டிய கட்டத்தில் அவள் போட்டுவிட்டாள். குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். "என்னம்மா, அண்ணாச்சி எடத்துல நீங்க ஏறி ஒக்காந்துட்டீக!" வேறு காகிதம் எடுத்தார்கள், அதில் மறுபடி போட்டாள். அப்படித்தான் நாலு அஞ்சாயிற்று. எத்தனை எளிய விஷயம், அஞ்சு நாளாக எங்கே போய் ஒளிந்திருந்தது? மூச்சு நெஞ்சு வரைக்கும் போய் வந்தது. தம்பியிடம் சொல்லிவிடலாம்: நாலுதான்ப்பா, ஒண்ணு நான் மாத்திப் போட்டுட்டேன். சன்னலுக்கு வெளியே பள்ளம் திடீரென்று பச்சையாக, யாரையும் தள்ளிவிடாத வெறும் பள்ளமாக இருந்தது. அடுத்த வளைவு வரைக்கும்தான் அந்த நிம்மதி. அந்தக் கெட்டுப்போன காகிதம் எங்கே? குமாஸ்தா கிழித்தாரா? கிழித்ததை அவள் பார்க்கவில்லை. கையை நீட்டி வாங்கியது யார்? இவர்தான். நாலாய் மடித்தார், ஃபைலில் வைத்தார். கையெழுத்துப் போட்ட காகிதம், பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிற காகிதம், அதை ஒருத்தர் எதற்கு வைத்துக்கொள்ளவேண்டும்?

அவள் ஃபைலின் பட்டனில் விரலை வைத்தாள். டப் என்ற சத்தம் பஸ் முழுக்கக் கேட்டதுபோல இருந்தது, யாரும் திரும்பவில்லை. அவர் மூச்சு மாறவில்லை. உள்ளே முதலில் படம் ஒட்டிய கல்யாணக் காகிதம், ஒன்றல்ல, நாலு, எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் கலரில். கடைக்காரர் நகல் எடுத்து வைத்திருக்கிறார். எது அசல்? விரலை எச்சில் தொட்டு முத்திரைகளின் ஓரத்தில் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தாள். மூன்றாவதில் ஊதா மை கொஞ்சம் விரலோடு வந்தது. இதுதான். கீழே பெயர், குண்டு குண்டாக, புள்ளி இல்லாமல். குருவமமாள. அதற்கும் கீழே, நாலாய் மடித்த இன்னொன்று. பிரித்தாள். மாப்பிள்ளை கட்டத்தில் அதே சிலேட்டுக்காரி, அவள்மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. திருப்பினாள். பின்பக்கம் அவர் பென்சிலால் எழுதியிருந்தார். காகிதத்தின் வெறும் முதுகை வீணாக்காத கடைக்காரப் புத்தி. எழுத்துக் கூட்டிப் படித்தாள், பஸ் ஆட ஆட, வரி தப்பித் தப்பி. கம்பளி ரெண்டு. தலைசுற்றல் மாத்திரை, கு-வுக்கு. மெட்டி, பெரிசு மாத்தணும், இடது கால். அந்த வரியை ரெண்டு தடவை படித்தாள். இன்னும் கடிக்கிறது என்று எப்படித் தெரியும்? அவள் நொண்டினாளா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே, செருப்பைக்கூட இழுத்து நடக்கவில்லையே. அதற்கு அடுத்த வரி, கடைசி வரி: வீடு, கேக்கணும்.

வீடு, கேக்கணும். என்ன கேட்கவேண்டும்? எந்த வீட்டில் இருக்கலாம் என்று கேட்கவேண்டுமா, வீட்டையே கேட்கவேண்டுமா? ரெண்டே சொல், நடுவில் ஒரு கமா. திருப்பித் திருப்பிப் படித்தாள். மெட்டிக்குப் பக்கத்திலிருந்து படித்தால் ஒரு மாதிரி இருந்தது, தம்பியின் குரலில் படித்தால் வேறு மாதிரி இருந்தது. பஸ் காட்ரோடு பக்கம் சமதளத்துக்கு வந்துவிட்டது, வெக்கை சன்னல் வழியே முகத்தில் அடித்தது. வத்தலக்குண்டில் பஸ் நின்றால் இவர் விழித்துக்கொள்வார். நேரம் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை ரெண்டு விரலால் உருவினாள். சிவப்புக் கோடு போட்ட காகிதத்தைப் பழையபடி மடித்து வைத்தாள். அசலை மடியில் விரித்து, குருவமமாளவைப் பார்த்தாள். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்வரை காத்திருந்து, நடுவில் நின்ற ம-வின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள். சின்னது, ஆனால் நன்றாக அழுத்தி. மெட்டிக்கு அது. பேனா ள-வின் பக்கம் நகர்ந்தது.

"மூடியப் போட்டுரு குருவம்மா. மை சட்டையில இறங்கிரும்." கண்ணைத் திறக்கவே இல்லை அவர். தலை அவள் தோளில்தான் இருந்தது. தூக்கத்திலா, விழித்தா, எப்போதிலிருந்து விழித்து? ள-வின் மேல் காற்றில் நின்ற பேனாவைக் கீழே இறக்காமல் அப்படியே எடுத்து, மூடியைப் போட்டு, அவர் பையில் செருகினாள். காகிதங்களை அடுக்கி ஃபைலுக்குள் வைத்து, பட்டனை அழுத்தி, அவர் கையை எடுத்து அதன்மேல் பழையபடி வைத்தாள். ஒரு புள்ளி உள்ளே போய்விட்டது. மற்றதை அவள் கொடுக்கவில்லை.